சொந்த மாட்டுக்கே விலை குறைத்தவர்

என் வீட்டுக்காரருக்கு மறதி வியாதி என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அது எங்கள் குற்றம் இல்லை. எருத்தேன்பதிப் பக்கத்து ஆண்கள் எல்லோருமே கொஞ்சம் அப்படித்தான். குடையை டீக்கடையில் விட்டுவிட்டு வருவார்கள், மண்வெட்டியை வாய்க்காலில் விட்டுவிட்டு வருவார்கள். பெண்டாட்டியையே கல்யாண மண்டபத்தில் விட்டுவிட்டு வந்த ஒருவர் எங்கள் சொந்தத்தில் இருக்கிறார். அவருக்கு இன்றுவரை ஒரு வியாதியும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறார். இந்தக் கூட்டத்தில் இவரை மட்டும் பிரித்தெடுத்து எப்படிச் சந்தேகப்படுவது?

முதலில் நடந்தது மொபட் விஷயம். காலையில் பால் கேனை மாட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போனவர், திரும்பி வரும்போது யாருடைய வண்டியிலோ வந்தார். எங்கள் வண்டி நீலம். வாசலில் வந்து நின்றது சிவப்பு.

"ஏனுங்க, வண்டி செவப்பா இருக்குது?" என்றேன்.

"வெயிலுக்கு அப்படித் தெரியுது அம்மிணி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எங்கள் ஊரில் ஓடுகிற பழைய மொபட்டுகளில் எந்தச் சாவியைப் போட்டாலும் எந்த வண்டியும் கிளம்பும். சிவப்பு வண்டிக்காரர் சாயங்காலம் எங்கள் நீல வண்டியில் வந்து இறங்கினார். அவர் வீட்டுக்காரி சொல்லித்தான் அவருக்கே தெரிந்ததாம். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், காப்பி குடித்தார்கள், வண்டியை மாற்றிக்கொண்டார்கள். அப்போது இவருக்கு ஐம்பத்தொரு வயது. சந்தேகப்படுவதென்றால் இரண்டு பேரையும் சேர்த்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருக்க வேண்டும்.

ஆனால் சிவப்பு வண்டிக்காரர் அதோடு நிறுத்திக்கொண்டார். இவர் நிறுத்தவில்லை. காலையில் கேட்டதையே மத்தியானமும் கேட்டார். மோட்டாரைப் போட மறந்துவிட்டு, கரண்ட் இல்லை என்று மின்சார ஆபீசுக்குப் போன் பண்ணிச் சண்டை போட்டார். ஒரு நாள் எங்கள் தென்னந்தோப்புக்குள்ளேயே, அவர் அப்பா வெட்டிய கிணற்றுக்கு வழி தெரியாமல் நின்றார். "இந்தத் தோப்பு ஆரோடது?" என்று என்னைக் கேட்டார். மறுநாளே பாலக்காட்டுக்குப் பஸ் ஏறினோம்.

அங்கே ஒரு டாக்டரம்மா. சின்ன வயதுப் பெண், மலையாளமும் தமிழும் கலந்து பேசினார். ஞாபகத்தைப் பரீட்சை பண்ண வேண்டும் என்று எதிரே உட்கார வைத்து, "இது ஏது ஸ்டேட்?" என்று ஆரம்பித்தார்.

"எதைக் கேக்கறீங்க?" என்றார் இவர். "ஊடு கேரளா. தோப்புல பாதி தமிழ்நாடு. கெணத்து மேட்டுல நின்னா ஒரு காலு இங்க, ஒரு காலு அங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "சரிதாங்க" என்றேன். அடுத்து, முதல் மந்திரி யார் என்று கேட்டார். இவர் ஒரு பெயரைச் சொன்னார். டாக்டரம்மா தலையை ஆட்டிவிட்டுத் தப்பு என்று குறித்துக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. "அவரு அந்தப் பக்கத்து மந்திரிங்க. எங்க டிவில அவரைத்தானுங்க காட்டறாங்க" என்றேன். "சேச்சி ஒண்ணும் மிண்டாம இருக்கணும்" என்றார் டாக்டரம்மா. வாயை மூடிக்கொண்டேன். ஓட்டு ஒரு பக்கம், டிவி ஒரு பக்கம் என்று வாழ்கிற எங்களிடம் கேட்கிற கேள்வியா அது?

குடை, மாம்பழம், வண்டி என்று மூன்று வார்த்தைகள் சொன்னார். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரம் கழித்துக் கேட்பேன் என்றார். அந்தக் கொஞ்ச நேரத்தில் ஒரு தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார். இவர் அழகாக ஒரு வட்டம் போட்டார். எண்களை எல்லாம் வலது பக்கத்திலேயே நெருக்கி நெருக்கி எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இடது பக்கம் மொட்டையாக இருந்தது.

"இந்தப் பக்கத்துல ஒண்ணுமில்லையே?" என்றார் டாக்டரம்மா.

"அது தரிசுங்க" என்றார் இவர். "அங்க தண்ணி ஏறாது."

நான் பக்கென்று சிரித்துவிட்டேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. அவர் சிரிக்காததைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

மூன்று வார்த்தைகளில் இவருக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. "நீங்க சொன்னீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். எனக்கு இரண்டு ஞாபகம் இருந்தது. மூன்றாவது என்ன என்று தெரியாமல் திரும்பி வரும்போது பஸ்ஸில் தவித்துக்கொண்டு வந்தேன். நமக்கும் வந்துவிட்டதோ என்று சிற்றூர் ஸ்டாப் தாண்டுகிறவரை உயிர் போய் உயிர் வந்தது. அப்புறம் தெரிந்தது, வண்டி. அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஸ்கேன் எல்லாம் எடுத்த பிறகு, அல்சைமர் என்றார்கள். சின்ன வயதிலேயே வந்துவிட்டது, இனிப் போகப் போகக் குறைந்துகொண்டேதான் வரும், மாத்திரை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், தெரிந்த வேலையைச் செய்யவிடுங்கள் என்று டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். சொந்தக்காரர்கள் யாரும் நம்பவில்லை. "அது கெழவங்களுக்கு வர்றதுல்ல?" என்றார்கள். நம்பாவிட்டாலும் வைத்தியம் மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆளுக்கு ஒரு கட்டு வல்லாரைக் கீரையோடு வந்தார்கள். வல்லாரைத் துவையல், வல்லாரைக் கடைசல், வல்லாரைத் தோசை. இவருக்கு அந்தப் பச்சை நிறத்தைப் பார்த்தாலே கோபம் வரும், மீதியை எல்லாம் நான்தான் தின்றேன். கல்யாணத்தன்று என் சேலையைப் பார்த்து நாத்தனார் சொன்னதிலிருந்து ஒவ்வொன்றாக எனக்கு ஞாபகம் வர ஆரம்பித்தது. அதோடு வீட்டில் வல்லாரையை நிறுத்தினேன்.

இரண்டாம் வருஷத்தில் எங்கள் வீட்டு விருந்தோம்பல் ஊரைப் பயமுறுத்த ஆரம்பித்தது. வந்தவரை வாங்க என்று கூப்பிட்டு, உட்கார வைத்து, காப்பி கொடுக்காமல் அனுப்புகிற பழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. கொடுத்ததை வேண்டாம் என்று சொல்கிற பழக்கமும் கிடையாது. இவர் காப்பி கொடுத்த மறு நிமிஷமே அதை மறந்துவிட்டு, "அடடே, வாங்க, வாங்க. அம்மிணி, காப்பி கொண்டா" என்பார். மீட்டர் பார்க்க வருகிற பையன் மலையாளத்துக்காரன், வழக்கம் தெரியாதவன். "மதி சேட்டா, மதி" என்று அவன் பாஷையில் போதும் போதும் என்று கும்பிட்டுக்கொண்டே டம்ளர் டம்ளராகக் குடித்தான், இட்லியும் தின்றான். அடுத்த தடவை கேட்டுக்கு வெளியிலேயே நின்று போன் கேமராவைப் பெரிதாக்கி மீட்டரைப் படித்துவிட்டு ஓடிவிட்டான்.

இத்தனைக்கும் நடுவில் மாடு விஷயத்தில் மட்டும் ஒரு குறையும் வரவில்லை. எங்களிடம் செவலை, கறுப்பு, நெற்றியில் சுட்டி வைத்த ஒன்று என்று மூன்று கறவை மாடுகள் இருந்தன. இன்று என்ன கிழமை என்று இவருக்குத் தெரியாது. கஞ்சிக்கோட்டில் கம்பெனிக்குப் போகிற மகன் இன்னும் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஆனால் மடியைக் கழுவி, விளக்கெண்ணெயைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தாரென்றால் கைக்கு எல்லாம் தெரியும். கறந்துகொண்டே மாட்டோடு பேசுவார். நேற்றுப் பேசியதையே பேசுவார். மாடுகள் முன்னமே சொன்னீர்களே என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நான் சொல்லியிருக்கிறேன், நிறையத் தடவை சொல்லியிருக்கிறேன்.

மூன்றாம் வருஷம் மீட்டர்க்காரப் பையனுக்கு வந்த கதி மாடுகளுக்கும் வந்தது. பருத்திக்கொட்டையும் தவிடும் கரைத்து வைத்துவிட்டு வருவார், மறந்துவிடுவார், ஐயோ பாவம் பட்டினி கிடக்கிறதே என்று மறுபடியும் வைப்பார். மாட்டுக்கு மதி என்று சொல்லத் தெரியாது. வைத்ததை எல்லாம் தின்றது. ஒரு நாள் செவலை வயிறு உப்பிப் போய்க் காலைப் பரப்பிக்கொண்டு விழுந்துவிட்டது. மாட்டு டாக்டர் வந்து, பக்கவாட்டில் ஊசியைக் குத்திக் காற்றை இறக்கிக் காப்பாற்றினார். செவலை தலையை நிமிர்த்திய கையோடு இவர் தவிட்டு வாளியோடு வந்து நிற்கிறார். "பாவம், சோந்து கெடக்குது. ஒரு வாய் குடிக்கட்டும்."

நான் தவிட்டு ரூமுக்குப் பூட்டுப் போட்டேன். பூட்டை உடைத்தார். சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு காவலிருந்தேன். நான் குளிக்கப் போன நேரத்தில் அரிசி மூட்டையை அவிழ்த்து வைத்தார்.

மகன் வந்து மாடுகளை விற்றுவிடலாம் என்றான். நான் அவனை வீட்டை விட்டுத் துரத்தாத குறை. "மாடும் போயிருச்சுன்னா உங்கொப்பங்கிட்ட என்னடா மிச்சம்?" என்று கத்தினேன். "இருந்தா மாடு செத்துருமேம்மா" என்றான். இரண்டும் உண்மை. காலையில் எழுந்து போய்த் தேடுவாரே, கட்டுத்தரை காலியாக இருந்தால் இந்த மனிதர் என்ன ஆவார் என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் செவலை மறுபடியும் உப்பிப் படுத்தது, மறுபடியும் ஊசி. அன்றைக்கு நானே வியாபாரிக்குப் போன் பண்ணினேன்.

அவர் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர், எங்களுக்குப் பல வருஷப் பழக்கம். மூன்றுக்கும் விலையைப் போனிலேயே நானும் அவரும் பேசி முடித்துவிட்டோம். ஆனால் மாட்டை நான் விற்றேன் என்று இவருக்குத் தெரிந்தால் மானம் போய்விடும். எங்கள் பக்கத்தில் மாட்டு விலையை ஆண்கள்தான் பேசுவார்கள், அதுவும் வாயால் பேசமாட்டார்கள். இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு மேலே துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, விரலைப் பிடித்துப் பிடித்தே விலை சொல்லி முடிப்பார்கள். பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. மாட்டுக்கும் தெரியாது. இப்போது எல்லாம் போனிலேயே முடிந்துவிடுகிறது என்றாலும், துண்டு போடாமல் பேசினால் இவருக்கு அது வியாபாரமே இல்லை. அதனால், "சும்மா பேருக்குத் துண்டைப் போட்டு, நாம பேசுன வெலையிலயே முடிச்சுருங்க" என்று வியாபாரியிடம் கேட்டுக்கொண்டேன்.

வியாபாரி குட்டியானை வண்டியோடு வந்தார். இவருக்குத் துண்டைப் பார்த்ததும் முகத்தில் ஒரு களை வந்தது, பாருங்கள், கல்யாணத்தில்கூட நான் அதைப் பார்க்கவில்லை. கையைக் கொடுத்தார். துண்டு விழுந்தது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் வானத்தையும் தென்னையையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் சமையற்கட்டு வாசலில் நின்றுகொண்டேன்.

திடீரென்று இவர் கையை உருவிக்கொண்டு செவலையிடம் போனார். சுற்றி வந்து பார்த்தார். "இதுக்கா இந்த வெல? வேண்டாமுங்க" என்றார். "தின்னு கொழுத்துக் கெடக்குது. மடியப் பாருங்க, ஒரு பக்கமா எறங்கிக் கெடக்குது."

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. மனிதருக்குத் தான் எந்தப் பக்கம் என்பது மறந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் சந்தைக்குப் போய் மற்றவர்களுக்காக விலை குறைத்துப் பேசியவர் அல்லவா, அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

வியாபாரிக்கு வேர்த்துவிட்டது. "இல்லீங்ணா, நல்ல மாடுங்ணா" என்றார். வாங்க வந்தவர் மாட்டைப் புகழ்கிறார். "கேன் நெறையக் கறக்குதுன்னு ஊரே சொல்லுதுங்ணா."

"ஆரு சொன்னா? மாட்டுக்காரன் சொல்லியிருப்பான். விக்கறவன் அப்படித்தான் சொல்லுவான், நீங்க நம்பாதீங்க. எனக்கு அவனைத் தெரியும்."

நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். மறுபடியும் துண்டு. வியாபாரி ஒரு விரலைப் பிடித்தால் இவர் அதைத் தட்டிவிடுகிறார் போலிருக்கிறது. வியாபாரியின் முகம் சுண்டிப்போனது. விலை கூட்டப் பார்க்கிறார், இவர் விடவில்லை. "அட, உங்களுக்குத்தான் சொல்றேன், ஏமாந்துபோட்டு நிக்காதீங்க" என்று அவரைத் திட்டுகிறார். அந்த நல்ல மனிதர் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினார். வேறு வழியில்லை. நான் நேரே போய்த் துண்டுக்குள் என் கையை விட்டேன். எங்கள் ஊரில் எந்தப் பொம்பளையும் செய்யாத காரியம் அது. எந்த விரலுக்கு என்ன விலை என்பதும் எனக்குத் தெரியாது.

இவர் என் கையைக் கெட்டியாகப் பிடித்தார். விரல்களைத் தடவிப் பார்த்தார். "இதாரு கை?" என்றார்.

"மாட்டுக்காரி கைங்க" என்றேன்.

சற்று யோசித்தார். பிறகு வியாபாரியைப் பார்த்து, "பொம்பளைகிட்ட இழுத்துப் பேசறது நல்லால்லீங்க. கேட்டதைக் குடுத்துருங்க" என்றார். வியாபாரி விட்டால் போதும் என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

விற்ற மாட்டோடு பழைய கயிற்றைக் கொடுத்தனுப்பக் கூடாது, கொடுத்தால் மாட்டு ராசியும் கூடப் போய்விடும் என்பார்கள். அது இவருக்கு மறக்கவில்லை. தானே ஒவ்வொரு கயிறாக அவிழ்த்துக்கொண்டு, வியாபாரி கொண்டுவந்த புதுக் கயிற்றைக் கட்டினார். மாடுகளை ஏற்றி வண்டி கிளம்புகிறபோது வியாபாரியின் பக்கத்தில் போய், "தவுடு ரொம்ப எச்சாப் போட்றாதீங்க. ஊதிக்கும்" என்றார். வியாபாரி வாயில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் மகனும், கட்டிக்கொடுத்த மகளும், நானும் போனில் மாநாடு போட்டோம். காலையில் மாடு எங்கே என்று கேட்பார், என்ன சொல்வது? ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறது என்று சொல்லலாம் என்றான் மகன். மூன்றும் சேர்ந்தா என்றேன். கடைசியில் மகள் சொன்னதுதான் நன்றாக இருந்தது. மகள் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறோம், மழை பெய்து புல் வந்ததும் திரும்பி வந்துவிடும். அந்தப் பொய்யை நான் பல்லி மாதிரி முணுமுணுத்துக்கொண்டே தூங்கினேன்.

விடிந்ததும் எழுந்து கட்டுத்தரைக்குப் போனார். பொய்யைத் தயாராக வைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தார். கயிறுகளைப் பார்த்தார். "நல்ல கயிறு, சும்மா கெடக்குது" என்று எடுத்தார். ஒன்றோடு ஒன்று முடிந்து, இரண்டு தென்னைக்கு நடுவே இழுத்துக் கட்டினார். என் ஈரச் சேலையை எடுத்து அதில் காயப்போட்டுவிட்டு, காப்பி கேட்டார்.

சரி, சாயங்காலம் கறக்கிற நேரத்தில் கேட்பார் என்று இருந்தேன். கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார், கொடியில் அழகாகத் துணி காயப்போட்டார். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும் எனக்கு. கோபம்தான் வந்தது, தலைக்கு மேலே வந்தது. கண்ணுக்குக் கண்ணாகப் பார்த்த மாடுகள், ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? பாத்திரத்தை எல்லாம் படார் படார் என்று வைத்தேன். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். அப்போதுதான் எனக்கே தெரிந்தது, நான் மாட்டுக்காகக் கோபப்படவில்லை. நாளைக்கு நான் இல்லையென்றாலும் இந்த மனிதர் இப்படித்தான் காலையில் எழுந்து, என் சேலையைப் பார்த்து, நல்ல துணி சும்மா கிடக்கிறது என்பார்.

வெளியே போய் அவர் எதிரில் நின்றேன். "ஏனுங்க, மாடு எங்கேன்னு ஒரு வார்த்த கேட்டா என்னங்க?" என்றேன்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு, விருந்தாளி கேட்டதைச் செய்கிற மாதிரி உடனே கேட்டார். "மாடு எங்கீங்க?"

"மக ஊட்டுக்கு அனுப்பிச்சிருக்குதுங்க. மழை பேஞ்சு புல்லு வந்ததும்..." அதற்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை. வாசலிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டின் நுனியை எடுத்து என்னிடம் கொடுத்தார். "அதுக்கு ஏனுங்க அழுவறீங்க? மக ஊட்டுக்குத்தானே போயிருக்குது? மழை பேஞ்சா வந்துரும். வெசனப்படாதீங்க."

மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டேன். கொடியில் ஆடுகிற சேலையைப் பார்த்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, புதிதாகச் சொல்கிற மாதிரி, "மழை பேஞ்சா வந்துருமுங்க" என்றார். இருட்டுகிறவரை திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தார். முன்னமே சொன்னீங்க என்று நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.